ஏரும் எந்திரமும்

செஞ்சிக் கோட்டையின் மூன்று குன்றுகளையும் கண்டு வியந்தோர் பலர். அக்குன்றுகளின் நிழலிலிருந்து கிழக்கே திண்டிவனம் நோக்கிச் செல்லும் சாலையின் இரு மருங்கிலும் பரந்து கிடக்கும் வயல்களை நின்று நோக்கினோர் சிலரே. இராசகிரியின் அடிவாரத்தில் வானளாவ எழுந்து நிற்கும் பழைய நெற்களஞ்சியங்களை நிரப்பியவை இத்தகைய வயல்களே. அரசர்கள் மாறினர், கொடிகள் மாறின, வயலில் ஏர் பிடிப்போரும் நாற்று நடுவோரும் செய்த வேலை மட்டும் பல நூற்றாண்டுகள் மாறாது இருந்தது. அவ்வேலை மாறத் தொடங்கிய காலம் நம் பாட்டனார் காலமே ஆகும்.

செஞ்சிக்கும் திண்டிவனத்துக்கும் இடைப்பட்ட ஊர்களுள் மேல்சித்தாமூர் பழம்பெருமை வாய்ந்தது. தமிழ்நாட்டுச் சமணர்களின் தலைமைத் திருமடம் இவ்வூரில் உள்ளது. வடநாட்டுச் சமணருட் பெரும்பாலோர் வணிகர்; தமிழ்ச் சமணரோ பெரும்பாலும் உழவர். உயிர்க்கு ஊறு செய்யாமையைத் தலையாய அறமாகப் போற்றுவோர், மண்ணைக் கீறும் தொழிலை வழிவழியாக மேற்கொண்டிருப்பது நினைக்கத் தக்கது. இவ்வட்டாரத்தில் ஏரிப் பாசனமும் கிணற்றுப் பாசனமும் உண்டு. நன்செயில் நெல்லும், செம்மண் புன்செயில் நிலக்கடலையும் முதன்மைப் பயிர்கள். நிலக்கடலையை மக்கள் ‘மல்லாட்டை’ என்பர். மணிலாக் கொட்டை என்ற பெயரே பேச்சு வழக்கில் இவ்வாறு திரிந்தது.

எந்திரம் வருமுன் இவ்வயல்களில் செலவான உழைப்பு எவ்வளவு? ஒரு சிறு கணக்கு அதனை உணர்த்தும். நாட்டுக் கலப்பையின் கொழு ஒரு சாலில் ஏறத்தாழ 15 சென்டிமீட்டர் அகலமே கிளறும். ஓர் ஏக்கர் 4,047 சதுர மீட்டர். ஆதலின் ஓர் ஏக்கரை ஒரு முறை உழுது முடிக்க, மேழி பிடித்தவர் தம் எருதுகளின் பின்னே ஏறத்தாழ 27 கிலோமீட்டர் நடத்தல் வேண்டும். அதுவும் காய்ந்த நிலத்தில் கட்டிகளின் மீதும், நன்செயில் முழங்கால் அளவு சேற்றிலும்! வெயில் ஏறுமுன் மாடுகளை அவிழ்த்துவிட வேண்டும் ஆதலால் இவ்வேலைக்கு இரண்டு நாள் செல்லும். நெல்லுக்கு நிலத்தை ஒரு முறை உழுதால் போதாது. மூன்று நான்கு முறை உழுது, பரம்படித்துச் சமன் செய்தல் வேண்டும். அதன்பின் நடவு, களை, அறுப்பு, கதிரடிப்பு என வேலைகள் வரிசையாக நிற்கும்.

இத்துணை உழைப்பையும் எந்திரத்தின்மீது ஏற்றிவிடலாம் என்று நம் நாட்டில் முதன்முதல் பெருமுயற்சி செய்தோருள் ஒருவர், சென்னை மாநில ஆளுநராக இருந்த சர் வில்லியம் டெனிசன் ஆவார். அவர் 1863இல் இங்கிலாந்திலிருந்து நீராவிக் கலப்பை, விதைப்புக் கருவி, கதிரடிக்கும் பொறி முதலியவற்றை வரவழைக்க ஏற்பாடு செய்தார். அவற்றை இயக்கிக் காட்டுவதற்காகச் சைதாப்பேட்டையில் 350 ஏக்கர் பரப்பில் ஒரு பண்ணையும் அமைந்தது. ஆயினும் அப்பொறிகள் சைதாப்பேட்டையைத் தாண்டி உழவரின் வயலுக்குச் செல்லவில்லை. இங்கிலாந்தின் அகன்ற கழனிகளுக்காகச் செய்யப்பட்ட பெரும் பொறி, வரப்புக்கு வரப்பு மடங்கும் நம் வயலில் திரும்புவதற்கே இடம் போதாது. பழுதுற்றால் செப்பனிடக் கொல்லரும் இல்லை; அதனை இயக்கும் செலவைத் தாங்கக்கூடிய விளைவும் இல்லை. நல்ல எந்திரம் என்பது ஓரிடத்தில் நன்றாக ஓடும் எந்திரம் அன்று. அது வந்து சேரும் இடத்தில் அதற்குரிய வழியும் வயலும் பட்டறையும் இருத்தல் வேண்டும். சைதாப்பேட்டைப் பண்ணை கற்பித்த இப்பாடத்தை நாம் இன்றும் முழுதும் கற்று முடித்தோம் என்று சொல்லுதற்கில்லை. அப்பண்ணையை ஒட்டி எழுந்த வேளாண்மைப் பள்ளியே பின்னர்க் கோயம்புத்தூருக்கு மாறிக் கல்லூரியாக வளர்ந்தது என்பதையும் மறத்தல் கூடாது.

உழவர் முதலில் விரும்பி ஏற்றது கலப்பையை இழுக்கும் எந்திரத்தை அன்று. நீரை இறைக்கும் எந்திரத்தையே. இதற்குக் காரணம் உண்டு. கவலை இறைத்தல் மாட்டுக்கும் மனிதர்க்கும் ஒப்பக் கொடிய வேலை. கிணற்றின் மேல் உருளை கட்டி, வடத்தின் ஒரு நுனியில் சாலையும் மறு நுனியில் எருதுகளையும் பூட்டுவர். எருதுகள் சரிவான தடத்தில் கீழ்நோக்கி இழுக்கச் சால் மேலே வரும். பின்னோக்கி ஏறச் சால் கிணற்றுள் இறங்கும். விடியுமுன் தொடங்கும் இவ்வேலை பகல் முழுதும் நடைபெறும். சால் ஒன்றுக்கு 120 லிட்டர், நிமிடத்திற்கு ஒரு சால் என்று கொள்வோம். எட்டு மணி நேரம் ஓயாது இறைத்தால் 57,600 லிட்டர் வரும். ஓர் ஏக்கர் நெல் வயலில் ஐந்து சென்டிமீட்டர் உயரம் நீர் நிறுத்த ஏறத்தாழ இரண்டு இலட்சம் லிட்டர் தேவை. அஃதாவது மூன்றரை நாள் இறைப்பு. அதற்குள் முதல் நாள் பாய்ந்த பாத்தி காய்ந்துவிடும். எனவே கிணற்றை நம்பி நெல் விளைவிப்பவர் ஓர் ஏக்கருக்கு மேல் கனவு காண்பது அரிது.

இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஆல்பிரட் சாட்டர்டன் என்னும் பொறியியல் அறிஞர், எண்ணெயால் இயங்கும் எந்திரத்தோடு நீரேற்றியை இணைத்துப் பாசனத்துக்குப் பயன்படுத்தும் முறையைச் சென்னை மாநிலத்தில் சோதித்துப் பரப்பினார். பைகாரா மின்நிலையம் 1932இலும், நெய்வேலி அனல் மின்நிலையம் 1962இலும் இயங்கத் தொடங்கின. மின்கம்பிகள் சிற்றூர்களை எட்டின. கவலைத் தடங்களில் புல் முளைத்தது. ஐந்து குதிரைத்திறன் கொண்ட மின்னோடி, ஆற்றலில் பாதி வீணாகிறது என்று வைத்துக்கொண்டாலும், பத்து மீட்டர் ஆழத்திலிருந்து மணிக்கு 67,000 லிட்டர் நீரை மேலேற்றும். மூன்றரை நாள் வேலை மூன்று மணி நேரத்தில் முடிந்தது. எருதின் முதுகிலும் உழவரின் தோளிலும் இருந்து இத்துணைப் பெரிய சுமையை இறக்கிய கருவி வேறொன்றில்லை எனலாம்.

ஆனால் அக்கணக்கை இன்னும் ஓர் அடி நீட்டிப் பார்த்தல் வேண்டும். செஞ்சி வட்டாரத்தின் நிலத்தடி பெரும்பாலும் கருங்கற் பாறை. மேலே சிதைந்த பாறையடுக்கில் மழைநீர் தங்கும். அதற்குக் கீழே பாறையின் வெடிப்புகளில் மட்டுமே நீர் உண்டு. சாலால் இறைத்த காலத்தில், ஒரு நாள் எடுத்த நீர் இரவில் ஓரளவு ஊறி நிரம்பியது. மாடு களைத்தபோது இறைப்பும் நின்றது, மின்னோடி களைப்பதில்லை. ஒருவர் கிணற்றை ஆழப்படுத்த, அடுத்தவர் அதனினும் ஆழப்படுத்த, பின்னர் ஆழ்துளைக் கிணறுகள் தோன்றின. நீர்மட்டம் 60 மீட்டருக்குத் தாழ்ந்தால், அதே ஐந்து குதிரைத்திறன் மின்னோடி மணிக்குப் பதினோராயிரம் லிட்டர் அளவே ஏற்ற இயலும். ஓர் ஏக்கர் பாய மூன்று மணி நேரத்திற்கு மாறாகப் பதினெட்டு மணி நேரம் வேண்டும். எந்திரம் தந்த ஊதியத்தைக் கிணற்றின் ஆழம் விழுங்கிவிடுகிறது. 1984இல் சிறு உழவர்க்கும், 1990இல் உழவர் அனைவர்க்கும் தமிழ்நாட்டில் பாசன மின்சாரம் கட்டணமின்றி வழங்கப்பெற்றது. வறட்சியிலும் கடனிலும் நொந்த உழவர்க்கு இஃது உயிர்த்துணையாயிற்று, ஐயமில்லை. எனினும் விலையில்லாத மின்சாரம், நீருக்கும் விலையில்லை என்ற எண்ணத்தை வளர்த்துவிட்டதையும் சொல்லாமல் இருத்தல் இயலாது. கிணறு தனியாருடையதாகவும் ஏரி ஊருடையதாகவும் இருத்தலால், கிணறு பெருகிய ஊர்களில் ஏரிக் கால்வாயைத் தூர் வாரும் ஊக்கமும் குன்றியது. அக்கிணறுகளுக்கு நீர் ஊட்டுவதோ அதே ஏரிதான்!

நீரேற்றிக்குப் பின்னர் வந்தது டிராக்டர். நாடு விடுதலை பெற்ற காலத்தில் அது வெளிநாட்டுப் பொருள். 1959இல் பரிதாபாத்தில் ஐச்சர் நிறுவனம் உள்நாட்டிலேயே டிராக்டரைச் செய்து வெளியிட்டது. 1960இல் சென்னையில் நிறுவப்பெற்ற டாபே நிறுவனம் மறு ஆண்டே செம்பியத்தில் உற்பத்தியைத் தொடங்கியது. இன்று உலகில் மிகுதியான டிராக்டர்களைச் செய்யும் நாடுகளின் முன்வரிசையில் இந்தியா நிற்கிறது. இரண்டு மீட்டர் அகலத்தை ஒரே ஓட்டத்தில் கிளறும் கொத்துக் கலப்பையைப் பூட்டினால், உழவர் 27 கிலோமீட்டர் நடந்த ஏக்கரை டிராக்டர் இரண்டு கிலோமீட்டர் ஓடியே உழுதுவிடும். ஒரு மணி நேரம் மிகை. மழை பெய்து ஈரம் காயுமுன் விதைக்க வேண்டிய புன்செயில் இவ்விரைவு பெரும்பேறு. ஈரம் நிற்கும் மூன்று நான்கு நாளில், எருது பூட்டியவர் இரண்டு ஏக்கர் உழுவதற்குள் பதம் தப்பிவிடும்.

எனினும் 2015–16ஆம் ஆண்டு வேளாண்மைக் கணக்கெடுப்பின்படி, தமிழ்நாட்டில் ஓர் உழவர் கைக்கொண்டுள்ள நிலத்தின் சராசரி அளவு 0.75 எக்டேர், அஃதாவது இரண்டு ஏக்கருக்கும் குறைவு. அதுவும் ஒரே துண்டாக இராது. ஏரிக்கீழ் அரை ஏக்கர், மேட்டில் முக்கால் ஏக்கர் எனப் பாகப்பிரிவினைதோறும் சிதறியது. இத்துண்டுகளில் டிராக்டர் உழும் நேரத்தைவிடத் திரும்பும் நேரம் மிகும். மூலைகளை மண்வெட்டியால் கொத்த வேண்டும். இரண்டு ஏக்கர் உழவர் டிராக்டரை வாங்குதல், ஒரு குடும்பம் பயணம் செய்வதற்காகப் பேருந்து வாங்குவதை ஒக்கும். ஆகவே நம் ஊர்களில் டிராக்டர் வைத்திருப்போர் சிலர். வாடகைக்கு அமர்த்துவோர் பலர். மழை பெய்த மறுநாள் எல்லாரும் ஒரே டிராக்டரை நாடும்போது, ஊரில் எளியவரின் வயலுக்கு முறை கடைசியில்தான் வருகிறது. ஜப்பானில் வயல்கள் சிறியன. ஆதலின் அந்நாட்டார் 1950களிலும் 1960களிலும் கைப்பிடி கொண்டு நடத்தும் சிறு உழுபொறியைப் பெரிதும் கையாண்டனர். பவர் டில்லர் எனப்படும் அப்பொறி நம் நாட்டிலும் செய்யப்படுகிறது. சேற்று வயலுக்கு அது மிகப் பொருத்தமானதாயினும், சாலையில் சுமை இழுக்கவும் உதவும் டிராக்டரின் முன் அதன் மதிப்புக் குறைந்தே நிற்கிறது.

டிராக்டர் வந்தபின் தொழுவங்கள் வெறுமையாயின. ஏர் மாடு உழுததோடு நில்லாது வண்டி இழுத்தது, பிணையலில் சுற்றிக் கதிரை மிதித்தது, எருவும் தந்தது. டிராக்டர் சாணம் இடுவதில்லை என்று முதியோர் சொல்வது நகைச்சுவைக்காக அன்று. தொழுவெரு குறைந்த செம்மண் நிலம், மழைநீரைப் பிடித்து வைக்கும் தன்மையில் தாழ்கிறது. அதனை ஈடுசெய்ய வாங்கும் உரத்துக்குப் பணம் வேண்டும்.

நிலக்கடலையின் கதை சற்று வேறுபட்டது. எந்திரத்தோடு பயிரும் மாற வேண்டும் என்பதை அது காட்டுகிறது. பத்தொன்பதாம் நூற்றாண்டிலேயே தென்னார்க்காட்டு நிலக்கடலை புதுச்சேரித் துறைமுகம் வழியாகப் பிரான்சு நாட்டு மார்செய் நகரத்து எண்ணெய் ஆலைகளுக்குக் கப்பலேறியது. அக்காலத்தில் காயை நீரில் நனைத்துத் தடியால் அடித்து உடைத்தனர். நனைந்த பருப்பு நெடுங்கடற் பயணத்தில் பூசணம் பிடித்துக் கெட்டது. உலர்ந்த காயையே உடைக்கும் பொறி வந்தபின் பருப்பின் தரம் உயர்ந்தது. எந்திரம் வேலையை விரைவாக்கியதோடு பொருளையும் மேம்படுத்திய நிகழ்ச்சி இது.

உடைத்தல் எளிதாயிற்று, பிடுங்குதல் எளிதாகவில்லை. நிலக்கடலையின் காய் மண்ணுக்குள் முதிர்வது. மண் இறுகிவிட்டால் செடி கையோடு வரும். காய் மண்ணோடு தங்கும். திண்டிவனம் எண்ணெய்வித்து ஆராய்ச்சி நிலையம் 1940இல் இரு வகைகளை வெளியிட்டது. டி.எம்.வி. 1 என்பது படர்ந்து வளரும் வகை; டி.எம்.வி. 2 என்பது குடியாத்தம் கொத்துக்கடலையிலிருந்து தேர்ந்தெடுத்த கொத்துவகை. ‘டி.எம்.வி.’ என்னும் எழுத்துகள் திண்டிவனத்தையே குறிப்பன. படர்கொடியின் காய்கள் நிலமெங்கும் சிதறியிருக்கும். கொத்துவகையின் காய்கள் தூரைச் சுற்றித் திரண்டிருக்கும். கொத்துவகையைக் கையால் பிடுங்குவதும் எளிது. டிராக்டரில் பூட்டிய தோண்டுகருவியால் எடுப்பதும் எளிது. விதை தேர்ந்தவர் வேலையும் பொறி செய்தவர் வேலையும் இவ்வாறு ஒன்றையொன்று சார்ந்தன. எனினும் பிடுங்கிய செடியிலிருந்து காயை ஆயும் வேலை இன்றும் பல இடங்களில் மரநிழலில் கூடியமர்ந்த பெண்களின் கைகளிலேயே உள்ளது. காயைச் செடியிலிருந்து பிரிக்கும் பொறி உண்டு. ஈரச்செடியில் ஒரு திறமும் உலர்ந்த செடியில் ஒரு திறமும் வேண்டியிருத்தலின் அது எல்லா வயலுக்கும் பொருந்துவதில்லை.

பெண்களின் வேலை என்றதும் இப்பொருளின் கடினமான பகுதிக்கு வந்துவிட்டோம். ஓர் ஏக்கர் நெல்லை அறுத்துக் கட்டிக் களம் சேர்க்க ஏறத்தாழ இருபது பேர் ஒரு நாள் உழைத்தனர். அறுவடை எந்திரம் அதனை ஒன்று அல்லது இரண்டு மணி நேரத்தில் அறுத்து, அடித்து, தூற்றி, நெல்லை வண்டியில் கொட்டிவிடுகிறது. அந்த இருபது பேர் எங்கே சென்றனர்? 1830இல் தென் இங்கிலாந்தில் இதே வினா எழுந்தது. கதிரடிக்கும் பொறி தம் பனிக்காலக் கூலியைப் பறித்துவிட்டது என்று வெகுண்ட உழவுத் தொழிலாளர், ஊர் ஊராகச் சென்று அப்பொறிகளை உடைத்தனர். பலர் கடுந்தண்டனை பெற்றனர்.

நம் விழுப்புரம் மாவட்டத்தில் இவ்வினாவுக்கு விடை தேட ஓர் அரிய சான்று உண்டு. சென்னைப் பல்கலைக்கழகத்தின் முதற் பொருளியல் பேராசிரியராகிய கில்பர்ட் சிலேட்டர், 1916இல் தம் மாணவரைக் கொண்டு சில சிற்றூர்களை ஆராய்ந்தார். அவற்றுள் ஒன்று இருவேல்பட்டு. அதன்பின் 1930களிலும் 1961இலும் 1980களின் தொடக்கத்திலும் 2008இலும் அறிஞர் அவ்வூருக்கு மீண்டும் சென்று கணக்கெடுத்தனர். 1916இல் நிலமற்றோர் பலர் ‘படியாள்’ என்ற பெயரில் நிலக்கிழாரிடம் கட்டுண்டு கிடந்தனர். 2008இல் அந்நிலை மறைந்திருந்தது; ஊருக்கு வெளியே கட்டட வேலைக்கும் பிற தொழிலுக்கும் செல்வோர் பெருகியிருந்தனர். ஆகவே எந்திரம் மக்களைத் துரத்தியது என்று மட்டும் சொல்லுதல் பொருந்தாது. ஆடவர் நகரங்களுக்குச் சென்றமையால் ஆள் கிடைக்காது எந்திரத்தை அழைத்ததும் உண்டு. ஊரக வேலை உறுதித் திட்டம் 2006 பிப்ரவரியில் முதன்முதல் நடைமுறைக்கு வந்த மாவட்டங்களுள் விழுப்புரமும் ஒன்று. அடிமட்டக் கூலிக்கு ஒரு மாற்று வழி உண்டு என்ற நிலை வந்தபின், குறைந்த கூலிக்கு ஆள் தேடிய நிலவுடையோர் எந்திரத்தை நாடினர்.

ஆயினும் நகரத்துக்குச் சென்ற ஆடவரின் நிலை வேறு. ஊரில் தங்கிய பெண்களின் நிலை வேறு. நடவு, களையெடுப்பு, அறுப்பு என்னும் மூன்றும் பெண்களின் கூலிவேலைகள். நடவு எந்திரமும் களைக் கருவியும் அறுவடை எந்திரமும் இம்மூன்றிலும் புகுந்தன. எந்திரத்தின்மீது அமர்ந்து கூலி பெறுவோரோ பெரும்பாலும் ஆடவர். பெண்களுக்குப் பளுவான வேலை குறைந்தது. அதனோடு கைப்பணமும் குறைந்தது. குனிந்து நட்டு முதுகு தேய்ந்த பெண், தன் மகளும் அவ்வாறே குனிய வேண்டும் என்று விரும்பமாட்டாள். மகளுக்கு எந்திரம் ஓட்டக் கற்பிக்கும் ஏற்பாடு ஊரில் இருந்தால் அவள் அதனை மறுக்கவும் மாட்டாள். அவ்வேற்பாடு எந்திரம் வந்த வேகத்தில் வரவில்லை என்பதே இவ்வெழுத்தாளரின் குறை.

அரசு இவ்விடர்களை அறியாமல் இல்லை. தமிழ்நாட்டின் வேளாண்மைப் பொறியியல் துறை எந்திரங்களை வாடகைக்கு விடுகிறது. ‘இ-வாடகை’ என்னும் செயலி வழியாகக் கைப்பேசியிலேயே முன்பதிவு செய்யலாம். எந்திரம் வாங்குவோர்க்கும் வாடகை நிலையம் நடத்துவோர்க்கும் மானியம் கிடைக்கிறது. சிறு உழவர்க்கும் பெண்களுக்கும் ஆதிதிராவிடர்க்கும் அது சற்று மிகுதி. வாடகை நிலையத்தில் உள்ள பொறிகளோ குறைவு; எல்லாரும் அவற்றை நாடும் பருவமோ ஒன்றே.

அப்பருவத்தில், பொங்கலை ஒட்டிச் சம்பா நெல் முற்றி நிற்கும்போது, அறுவடை எந்திரங்கள் வெளியூர்களிலிருந்து லாரிகளில் ஏறி வரும். ஈரவயலில் புதையாமல் செல்ல உருளைப்பட்டை பூட்டிய ‘செயின்’ வண்டி வேண்டும். காய்ந்த வயலுக்குச் சக்கர வண்டி போதும். முன்னதற்கு வாடகை மிகுதி. ஏரிக்கீழ் வயல்களுக்கோ தனித்தனிப் பாதை கிடையாது. நடுவில் உள்ள வயலுக்கு எந்திரம் செல்ல வேண்டுமாயின், சாலையோரத்து வயல் முன்னரே அறுவடையாகி இருத்தல் வேண்டும். சாலையோரத்தார் நெடுநாள் வகையை நட்டிருந்தால், உள்வயலார் குறுநாள் நெல்லை முற்றவிட்டு, மணி உதிர்வதைப் பார்த்துக்கொண்டு காத்திருக்க நேரும். ஆகையால் இன்று ஒரே ஏரியின் கீழ் உள்ள உழவர், நாற்று விடும் புரட்டாசியிலேயே கூடிப் பேசுகின்றனர். இன்ன மடையின் கீழ் இன்ன வகை நெல்லை இன்ன நாளில் விதைப்பது என்று முடிவு செய்கின்றனர். அறுவடைக்குச் சில நாள் முன்னரே மடையை ஒருசேர அடைத்து நிலத்தைக் காயவிடுகின்றனர். எந்திரம் இறங்கும் இடத்தில் வரப்பை வெட்டி வழிசெய்து, அது போனபின் மறுபடியும் மண்ணிட்டு அணைத்துவிடுகின்றனர்.